கசப்பு போகட்டும், அந்தத் தலைசுற்றல்?

கேள்வி: எங்களுக்குப் பள்ளத்தூர். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 73 வயது, ஆத்தாவுக்கு 66. போன மாதம் உறவில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் அப்பச்சிக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும். வீட்டில் கிட் வைத்துப் பார்த்ததில் கோவிட் என்று காட்டியது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "போன தடவை வந்தப்போ பேக்ஸ்லோவிட் ஒரு டப்பா வச்சிட்டு வந்தேனே, அதைக் குடு" என்றான். அன்று ராத்திரி ஆரம்பித்தோம். மறுநாள் காலையிலிருந்தே வாயெல்லாம் கசப்பு. வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கிறது என்று காபியைக்கூட வைத்துவிட்டார். வயிறும் இளகிப் போனது. அன்று காலையும் ராத்திரியும் கொடுத்தோம். அடுத்த நாள் விடிகாலை பாத்ரூமுக்கு எழுந்தவர், தலை சுற்றுகிறது என்று முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கசப்பு தாங்காமல் அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து இரண்டு நாள் திரும்பத் தொண்டை கரகரத்தது. பாதியில் நிறுத்தியதால்தான் அது என்கிறாள் ஆத்தா. கபசுரக் குடிநீர் இரண்டு வேளையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்பச்சி வழக்கமாக எடுப்பது: பிரஷருக்கு ஆம்லோடிபின் 5, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டேட்டின் 20, குளோபிடோக்ரெல் 75 (மூன்று வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்தது), சிறுநீர் தடையில்லாமல் போக ராத்திரி டாம்சுலோசின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ஆத்தாவுக்குச் சர்க்கரை, பிரஷர் (டெல்மிசார்டன்), தூக்கத்துக்கு எப்போதாவது அல்பிரசோலாம். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ஆத்தாவுக்குக் கிரியாட்டினின் 1.6 என்று சீட்டில் இருக்கிறது. மீதி மாத்திரை பீரோவில் இருக்கிறது. கசப்புக்கு என்ன செய்வது? ஆத்தாவுக்குக் கோவிட் வந்தால் அந்த மீதியைக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆச்சி,

(வயது பார்க்காமல் எல்லாரையும் ஆச்சி என்பது காரைக்குடியில் இருபது வருஷம் மருந்துக் கவுன்டரில் நின்ற பழக்கம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நீங்கள் கேட்டிருப்பது கசப்பைப் பற்றி. என் கண் நின்றது முற்றத்துத் தூணில். 73 வயதில், விடிகாலை இருட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் ஒரு மனிதர் தலை சுற்றி நின்றிருக்கிறார். தூண் கைக்கு எட்டியது நல்லதாகப் போயிற்று. எட்டாமல் போயிருந்தால் இந்தக் கடிதம் இடுப்பெலும்பைப் பற்றியதாக இருந்திருக்கும். அதனால் முதலில் அதை முடித்துவிட்டுக் கசப்புக்கு வருகிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு மருந்து அல்ல, இரண்டு. இளஞ்சிவப்பு மாத்திரை நிர்மாட்ரெல்விர். கோவிட் வைரஸ் பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்குவது அதுதான். வெள்ளை மாத்திரை ரிட்டோனாவிர். வைரஸ் மேல் அதற்கு வேலை இல்லை. 1996இல் எச்.ஐ.வி. மருந்தாக வந்த பழைய ஆள் அது. கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதியை அடைத்துவைக்கும் குணம் அதற்கு உண்டு. இளஞ்சிவப்பு மாத்திரையைக் கல்லீரல் சீக்கிரமே கரைத்து அனுப்பிவிடும் என்பதால், பன்னிரண்டு மணி நேரம் அதை ரத்தத்தில் தாக்குப்பிடிக்க வைக்கத்தான் வெள்ளையைச் சேர்த்தார்கள்.

உங்கள் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் நாலு வாரிக்கால் வழியாக உள்ளே வருகிறது. மிஞ்சியது கலிங்கு வழியாக வெளியே போகிறது. கலிங்கை அடைத்தால் மட்டம் ஏறும். அடைத்தவர் ஒரு வாரிக்கால் தண்ணீரைத் தேக்கத்தான் அடைத்தார். ஆனால் மற்ற மூன்றில் வருவதும் சேர்ந்தேதான் ஏறும். ரிட்டோனாவிர் செய்வது இதைத்தான். இளஞ்சிவப்பு மாத்திரைக்காக அடைத்த கலிங்கில், அதே வழியாகப் போக வேண்டிய ஆம்லோடிபினும் டாம்சுலோசினும் தேங்கிவிடுகின்றன. அப்பச்சி விழுங்கியது வழக்கமான ஆம்லோடிபின் 5தான். உடம்பு பார்த்தது அதைவிட அதிகம். டாம்சுலோசின் சாதாரண நாளிலேயே படுக்கையிலிருந்து எழுந்தால் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். இரண்டும் தேங்கி, வயிற்றுப்போக்கில் உடம்பு நீரும் குறைந்து, காய்ச்சலும் சேர்ந்தால் விடிகாலையில் தலை சுற்றாமல் என்ன செய்யும்? அன்று யாரும் பிரஷர் பார்த்து வைக்காததால் நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இப்படி மாத்திரை ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் பட்டியலைக் காட்டியிருந்தால், ஐந்து நாளுக்கு ஆம்லோடிபினைப் பாதியாக்கியிருப்பார், அல்லது காலையும் மாலையும் பிரஷர் பார்த்து முடிவு செய்திருப்பார். டாம்சுலோசினை அந்த நாட்களுக்கு நிறுத்தியிருப்பார். அட்டோர்வாஸ்டேட்டினையும் அப்படித்தான், கொழுப்பு மாத்திரை ஒரு வாரம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, தேங்கினால்தான் தசை வலி, தசைச் சேதம் என்று போகும். சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்கள் பேக்ஸ்லோவிட்டோடு அதை எடுக்கவே கூடாது. மெட்ஃபார்மினுக்கு இந்தக் கலிங்கில் வேலையில்லை, அது சிறுநீரகம் வழியாகப் போகிறது.

குளோபிடோக்ரெல் கதை தலைகீழ். அது தேங்குகிற ஜாதி இல்லை. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலையே செய்யும். வழி அடைபட்டால் மாத்திரை வயிற்றுக்குள் போனது போனபடி இருக்கும், ஸ்டென்டுக்குக் காவல் குறைந்துவிடும். ஸ்டென்ட் வைத்து முதல் ஆறு வாரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து, இந்தச் சேர்க்கையையே தவிர்ப்பார்கள். அப்பச்சிக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஆபத்து குறைவு. குறைவு என்பதற்காக நாமே முடிவு செய்யும் விஷயம் இல்லை, இதய டாக்டர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், "ஒத்துக்காதாமே" என்று கேள்விப்பட்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வீட்டில் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம். வலிப்புக்குக் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்கும், காச நோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் பேக்ஸ்லோவிட் கிடையாது. இவை கலிங்கை அகலத் திறந்துவிடும் மருந்துகள். கோவிட் மருந்து நிற்காமல் ஓடிவிடும். இரண்டு நாள் அவற்றை நிறுத்தினாலும் திறந்த வழி உடனே மூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்களுக்கும் கூடாது. சிறுநீரக மாற்று அறுவை முடித்து டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு எகிறும், அவர்களின் டாக்டர் இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ரிவரோக்சபான், அபிக்சபான் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு வரலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் அதே நாளில் ஆஸ்பத்திரி. கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கு இந்த மாத்திரையே வேண்டாம். இப்படி விலக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசி என்று வேறு வழி இருக்கிறது, கைவிடப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

இப்போது கசப்பு. இது பேக்ஸ்லோவிட்டின் கையெழுத்து. 2022 தொடக்கத்தில் வெளிவந்த முதல் பெரிய ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாக்கு சுவை மாறியது, மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. கவுன்டரில் நான் கேட்ட வரையில் நூற்றுக்கு ஆறு என்பது ரொம்ப அடக்கமான கணக்கு. உலோகத்தை நக்கின மாதிரி, ராத்திரி தூக்கத்திலிருந்தே எழுப்புகிற மாதிரி என்றெல்லாம் சொல்வார்கள். நாக்கோ ஈரலோ கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை இது. மாத்திரை முடிந்து ஓரிரு நாளில் போய்விடும். நிறுத்த இது ஒரு காரணமே இல்லை. மாத்திரையை மெல்லாமல், உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். உடைத்தால் கசப்பு இரண்டு மடங்கு. சாப்பாட்டோடு எடுத்தாலும் சரி, வெறும் வயிற்றில் எடுத்தாலும் சரி. விழுங்கியதும் கொஞ்சம் பால், அல்லது குளிர்ந்த தயிர்ச் சோறு, ஒரு துண்டு நெல்லிக்காய். கற்கண்டு என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அப்பச்சிக்குச் சர்க்கரை. வயிறு இளகினால் ஓ.ஆர்.எஸ். கரைத்து வைத்துக்கொண்டு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எழும்போது ஒரு நிமிஷம் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

நிறுத்தக் காரணங்கள் வேறு. உதடோ முகமோ வீங்குவது, உடம்பில் தடிப்பு, மூச்சு இழுப்பு. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி. இவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மயக்கம் வந்தாலும் டாக்டரிடம்தான். பிரஷர் மாத்திரையைக் குறைக்க வேண்டிய இடத்தில் கோவிட் மாத்திரையை நிறுத்திவிட்டு இருந்தால், தப்பான கதவைச் சாத்தினதாகிவிடும். ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே போனால் மாத்திரைப் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

ஒரு வாரம் கழித்துத் தொண்டை கரகரத்தது பற்றி ஆத்தாவிடம் சொல்லுங்கள்: குற்றம் அப்பச்சி மேல் இல்லை. ஐந்து நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் குணமாகி இரண்டிலிருந்து எட்டு நாளுக்குள் இப்படித் திரும்புவது உண்டு. மாத்திரையே தொடாதவர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் லேசாக வந்து தானே போகும், இரண்டாவது கோர்ஸ் தேவைப்படாது. அந்த நாட்களில் வளவுக்குள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருந்தால் போதும். அதற்காகப் பாதியில் நிறுத்துவது சரி என்று நான் சொல்லவில்லை. ஆரம்பித்தால் ஐந்து நாள், பத்து வேளை. ஒரு வேளை மறந்து எட்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் எடுக்கலாம், தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போக வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்கக் கூடாது.

கபசுரக் குடிநீரைப் பற்றி எழுதினால் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். இருந்தாலும்: பல மூலிகைகள் சேர்ந்த அந்தக் கஷாயத்தை ரிட்டோனாவிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொன்ன ஆய்வு எதையும் கையில் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. கலிங்கு அடைபட்டிருக்கும்போது தெரியாத தண்ணீரை உள்ளே விட வேண்டாம், அவ்வளவுதான். அந்த ஐந்து நாளும், முடிந்து மூன்று நாளும் விட்டுவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு அடைப்பு நீங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. நிறுத்திவைத்த மற்ற மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பிக்கும் தேதியை டாக்டர் தள்ளிப் போடுவதும் இதனால்தான்.

இனி பீரோவில் இருக்கும் மீதி. இதற்குத்தான் நான் பேனாவை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பெட்டியில் 30 மாத்திரை. ஒரு வேளைக்கு இரண்டு இளஞ்சிவப்பு, ஒரு வெள்ளை. அப்பச்சி மூன்று வேளை சாப்பிட்டார், ஒன்பது போயிற்று. மிச்சம் 21: பதினாலு இளஞ்சிவப்பு, ஏழு வெள்ளை. ஆத்தாவுக்கு 66 வயது, கிரியாட்டினின் 1.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 35 அளவில் வரும். 60க்குக் கீழே, 30க்கு மேலே இருப்பவர்களுக்கு அளவே வேறு: ஒரு வேளைக்கு ஓர் இளஞ்சிவப்பு, ஒரு வெள்ளை. பத்து வேளைக்குப் பத்தும் பத்தும். இளஞ்சிவப்பு நாலு மிஞ்சும். வெள்ளை மூன்று குறையும். குறைந்த மூன்று வேளைக்கு வெள்ளை இல்லாமல் கொடுத்தால் மருந்து ரத்தத்தில் நிற்காது. அட்டையில் இருக்கிறபடியே இரண்டு இரண்டாகக் கொடுத்தாலோ, தேய்ந்த சிறுநீரகத்துக்கு இரண்டு மடங்கு சுமை. எப்படிப் போட்டாலும் அந்த மீதி ஆத்தாவுக்கு உதவாது. பீரோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊருணியில் வீச வேண்டாம், டாய்லெட்டிலும் வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, காபிச் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

ஆத்தாவுக்கு இந்த மருந்து கூடாது என்பதல்ல. அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும், கோவிட் வந்தால் டாக்டர் இதை யோசிக்க நியாயம் இருக்கிறது. டெல்மிசார்டனால் பெரிய சிக்கல் இல்லை. அல்பிரசோலாம் அந்த வாரம் வேண்டாம். அது தேங்கினால் பகலெல்லாம் கண் சொருகும், விழுந்துவிடுவார். மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்றால், கோவிட் வருகிறதோ இல்லையோ, இந்தக் கிரியாட்டினினுக்கு அதன் அளவு சரிதானா என்று இந்த வாரமே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மருந்து இந்தியாவிலும் தயாராகிறது. ஹெட்டெரோ கம்பெனி தயாரிக்கும் நிர்மாட்ரெல்விரான நிர்மாகாம் 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் சேர்ந்தது. எனவே சிங்கப்பூர்ப் பெட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காலம்தான் முக்கியம்: முதல் அறிகுறி தெரிந்து ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். ஆறாம் நாள் தம்பியின் பார்சல் வந்து பயனில்லை.

தம்பியைக் குறை சொல்லவில்லை. கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு அப்பன் ஆத்தாளுக்கு எதையாவது அனுப்பினால்தான் மனசு ஆறும். தைலமும் வைட்டமினும் எத்தனை பெட்டியில் வருகின்றன என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சீட்டோடு வர வேண்டிய மருந்து சீட்டில்லாமல் வந்தால் அது தைலக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அவனுக்கு ஒன்று சொல்லுங்கள்: தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த முதல் ஆய்வில்தான் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சாவும் ஏறக்குறைய 89 விழுக்காடு குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களையும் ஆபத்து குறைந்தவர்களையும் வைத்துப் பின்னால் வந்த ஆய்வில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. அவன் தனக்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தால் அது அவனுக்கும் அவசியமில்லை.

பீரோவைத் திறக்கும்போதே மேல் தட்டையும் பாருங்கள். 2020இன் கோவிட் மாத்திரையான ஃபேவிபிராவிர் இன்னும் சில வீடுகளில் கிடக்கிறது. முதல் நாளே பதினெட்டு மாத்திரை விழுங்க வைத்த மருந்து, யூரிக் அமிலத்தை ஏற்றியதுதான் மிச்சம். 2022 ஜனவரியில் ஓடிய இன்னொரு கோவிட் மருந்து மோல்னுபிராவிர் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதில் எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. கூட்டம் முட்டிய ஒரு சாயங்காலம், புதுசாகக் கல்யாணமான பையனுக்கு நாற்பது கேப்சூலை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, எடுத்த ஆணும் முடிந்து மூன்று மாதம் குழந்தைக்குத் திட்டமிடக் கூடாது என்று சொல்ல விட்டுப்போயிற்று. ராத்திரி பத்தரைக்கு பில்லில் இருந்த நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். எடுத்தது அவன் மாமியார். நான் பட்ட அவஸ்தையை விடுங்கள். அந்த மாதமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தலைவர், பாதுகாப்புக் கவலையால் அதை தேசிய சிகிச்சை நெறியில் சேர்க்கவில்லை என்று அறிவித்தார்.

அப்பச்சி ஆத்தா இருவருடைய மாத்திரைகளும் பழைய முறுக்கு டின் ஒன்றில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலான வீட்டில் அப்படித்தான். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பட்டியல் எழுத உட்கார வேண்டாம். எழுதும்போது ஒன்று விட்டுப்போகும், அதுவும் வலி மாத்திரையாகவோ தூக்க மாத்திரையாகவோ இருக்கும். டின்னையே தூக்கிக்கொண்டு போங்கள். ஆத்தாவின் அந்தக் கிரியாட்டினின் சீட்டு எந்த மாதத்தது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தையது என்றால், டின்னோடு சேர்த்துப் புதுசாக ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.